கப்பலில் ஏறும் நாளன்று பெட்டி யார் கையில் இருக்கும்?

தெஹிவளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து நான்கு இரவு கப்பலில் பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்புவது அவர்கள் திட்டம். எல்லோருக்கும் இது முதல் கப்பல் பயணம். ஆறு பேருக்கு எத்தனை பெட்டி கொண்டுபோகலாம், ரைஸ் குக்கரும் அயனும் வைக்கலாமா, துறைமுகத்தில் பெட்டியை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாமே, அது உண்மையா என்று மூன்று கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் மனதில் இருப்பது ஒரே கவலைதான் என்று நினைக்கிறேன்: பெட்டி கையை விட்டுப் போனால் எப்போது திரும்பி வரும், அதுவரை வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் பயணிகள் கப்பல்களில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன். ஏறும் நாளில் பெட்டிகளைத் தளம் தளமாகக் கொண்டுபோய் அறை வாசலில் வைப்பதும், கடைசி இரவில் அவற்றைத் திரும்பச் சேகரிப்பதும் எங்கள் குழுவின் வேலை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு பயண முகவர் நிலையத்தில் இருக்கிறேன். ஆகவே கப்பலுக்குள் நடப்பதை நேரில் கண்டதை வைத்துச் சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற விஷயம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களில் உங்கள் டிக்கெட்டோடு வரும் விதிமுறைதான் கடைசி வார்த்தை. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை அப்பா அம்மாவைப் பார்க்கும் டாக்டருடையது.

பெட்டியை வாங்கிக்கொள்வது உண்மைதான். கப்பல் முனையத்தின் வாசலில் நீங்கள் வாகனத்தை விட்டு இறங்கியதும் பெரிய பெட்டிகளைப் பணியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து அவை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய், இரும்புக் கூண்டு வண்டிகளில் ஏறி, கப்பலின் கீழ்த்தளத்துக்கு வரும். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஏறும் கப்பல் என்றால் அதைவிட அதிகமான பெட்டிகள் சில மணி நேரத்துக்குள் வந்து குவியும். அவற்றைத் தளவாரியாகப் பிரித்து, அறை எண் பார்த்து, லிஃப்டில் ஏற்றி வாசலில் வைக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு நீங்கள் ஏறியிருந்தாலும் பெட்டி மாலை ஐந்து மணிக்கும் வரலாம், இராச்சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கும் வரலாம். முதலில் கொடுத்த பெட்டி முதலில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. குடும்பத்தின் ஒரு பெட்டி நாலு மணிக்கும் இன்னொன்று எட்டு மணிக்கும் வருவதைச் சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். ஒன்று வந்துவிட்டது, மற்றது தொலைந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

அதனால்தான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பெட்டியை நாள்கணக்கில் அடுக்காமல் மணிக்கணக்கில் அடுக்குங்கள். எத்தனை நாளுக்கு எத்தனை உடுப்பு என்பது எல்லோருக்கும் தானாக வந்துவிடும். பெட்டி உங்களைப் பிரிந்திருக்கும் நேரம் இந்தப் பயணத்தில் மூன்று தடவை வருகிறது. விமானத்தில் ஒன்று, கப்பலில் ஏறும் நாள் மதியத்திலிருந்து இரவு வரை ஒன்று, இறங்குவதற்கு முந்திய இரவிலிருந்து காலை வரை ஒன்று. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுக்கும்போது, இது இல்லாமல் அந்த நேரத்தைக் கடத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அது கைப்பைக்குள் போக வேண்டும்.

கொழும்பில் இது புதிய யோசனையும் இல்லை. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிற நீராவிக் கப்பல்கள் நமது துறைமுகத்துக்கு வந்துபோன காலத்தில், பயணிகள் தங்கள் தகரப் பெட்டிகளிலும் தோல் பெட்டிகளிலும் மூன்று விதமான சீட்டு ஒட்டினார்கள். அறைக்குள் வர வேண்டியது ஒன்று, நடுவழியில் தேவைப்படும் என்று எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது ஒன்று, ஊர் போய்ச் சேரும்வரை தேவைப்படாது என்று அடித்தளத்தில் போடுவது ஒன்று. வாரக்கணக்கில் கடலில் இருந்தவர்களுக்கு அந்தப் பிரிப்பு அவசியமாக இருந்தது. நாலு இரவுக்கு அவ்வளவு வேண்டாம், இரண்டாகப் பிரித்தால் போதும்.

கைப்பைக்குள் போக வேண்டியவை. கடவுச்சீட்டுகள், கப்பல் டிக்கெட், பயணக் காப்புறுதித் தாள், காசு, நகை, கைபேசி, சார்ஜர், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடுப்பு, நீச்சல் உடை. நீச்சல் உடையைச் சொல்லும்போது பலர் சிரிக்கிறார்கள். ஆனால் மதியம் ஏறியதும் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது குளம்தான். அந்த நேரம் நீச்சல் உடை கீழ்த்தளத்தில் கூண்டு வண்டியில் இருந்தால் மாலை முழுக்க அழுகைதான். கடவுச்சீட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். முனையத்தில் பதிவு மேசைக்கு வந்த பிறகு அது நினைவுக்கு வந்தால், மலைபோலக் குவிந்த பெட்டிகளுக்குள் உங்களுடையதைத் தேடிப் பிடிக்க வேண்டிவரும். இன்னொன்று: ஆசியப் பாதைகளில் ஓடும் சில கப்பல்களில் பதிவு மேசையிலேயே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவில் திருப்பித் தருவார்கள். துறைமுகங்களின் குடிவரவு வேலைக்காகச் செய்வது அது, பயப்பட வேண்டாம். ஒரு பிரதியைக் கைபேசியிலும் ஒன்றைக் கடதாசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கஷ்டங்களில் பெரும்பாலானவை இதில்தான் வந்தன. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிற பெரியவர்களின் மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் கையில், மீதி பெட்டியில் என்று பிரிக்க வேண்டாம். பயண நாட்களைவிட மூன்று நான்கு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். ஒவ்வொன்றும் பார்மசி அட்டையோடும் டாக்டரின் துண்டோடும் இருக்கட்டும். குளிசைகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டிக் கொண்டுவந்தால் எந்தச் சோதனை அதிகாரிக்கும் அது என்னவென்று தெரியாது. சிங்கப்பூருக்குள் சொந்தப் பாவனைக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மருந்து கொண்டுபோகக் கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மருந்து போன்ற சிலவற்றுக்கு முன்அனுமதியும் தேவைப்படலாம். அப்பா அப்படி ஏதாவது எடுக்கிறார் என்றால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே அந்நாட்டுச் சுகாதார அதிகாரசபையின் தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இன்சுலினை விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும், வெளிப்பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாமலே கெடலாம். கப்பல் அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சற்றுக் குளிர வைக்கும் அளவுக்குத்தான். மருந்துக்கு வேறு குளிர்பெட்டி வேண்டும் என்றும், பாவித்த ஊசிகளைப் போட ஒரு பெட்டி வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டால் தருவார்கள்.

அடுத்தது எதை வைக்கக் கூடாது என்பது. ரைஸ் குக்கர், அயன், கேத்தல், தண்ணீர் சூடாக்கும் கம்பி, இவை எதுவும் கூடாது. இதில் சந்தேகமே இல்லை, எந்தப் பெரிய கம்பெனியும் அனுமதிக்காது. எக்ஸ்ரேயில் தெரிந்ததும் பெட்டி உங்கள் அறைக்கு வராமல் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்விடும். இரவு பத்து மணிக்குப் பெட்டி வரவில்லை என்று முறையிட்டவர்களில் பலரின் பெட்டி அங்கேதான் இருந்தது. உரியவர் வந்து, பெட்டியைத் திறந்து காட்டி, சாமானை ஒப்படைத்துத் துண்டு வாங்கிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும். சாமானை இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டால், நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. 2006 மார்ச் 23 அன்று கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ பல தளங்களுக்கு ஏறியது. புகையில் ஒரு பயணி இறந்தார். அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. ஒரு துண்டுக்கே அப்படி என்றால், துணிமேல் மறந்துவிட்ட அயனை யோசித்துப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக அம்மாவிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஊதுபத்தி, கற்பூரம், விளக்குத் திரி எதுவும் கப்பலுக்குள் எடுபடாது. கற்பூரம் விமானத்திலும் கூடாது, அது எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள் என்ற வகையில் வருகிறது. திருநீறும் சின்னச் சாமிப் படமும் தாராளமாகக் கொண்டுபோகலாம். கடைசி நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி முன்னால் நின்று பெரியவர்கள் மனம் நோகிற மாதிரி ஆவதைவிட, வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பலருக்குப் புரியாதது மல்டி பிளக் விஷயம். மின்னழுத்தம் திடீரென ஏறுவதைத் தடுக்கும் வசதி (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள மல்டி பிளக்கைக் கப்பலில் பறிமுதல் செய்வார்கள். வீட்டில் பாதுகாப்பு என்று வாங்கியதைக் கப்பலில் ஆபத்து என்கிறார்களே என்று கோபப்படுவார்கள். காரணம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பி நிலத்தோடு இணைந்திருக்கும். கப்பலின் மின்னமைப்பு பெரும்பாலும் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்கென்று செய்த தடுப்பான் அங்கே சரியாக வேலை செய்யாமல் சூடாகித் தீப்பிடிக்கலாம். சாதாரண நீட்டிப்புக் கம்பியைச் சில கம்பெனிகள் விடுகின்றன, சில விடுவதில்லை. யூஎஸ்பி துளைகள் மட்டும் உள்ள சார்ஜர் ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. பிளக்கின் வடிவத்தையும் பாருங்கள். நமது வீடுகளில் 13 ஆம்பியர் சதுரக் கால், பழைய வீடுகளில் வட்டக் கால். பல கப்பல்களில் இருப்பது அமெரிக்கத் தட்டைக் கால் துளையும் ஐரோப்பிய இரண்டு வட்டக் கால் துளையும். ஒரு மாற்றி பிளக் கைப்பையில் இருக்கட்டும்.

பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில் மட்டும்தான். சாதாரண எல்லை 100 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 27,000 மில்லி ஆம்பியர் மணி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பாவிக்கவோ சார்ஜ் பண்ணவோ முடியாது, கையில் வைத்திருக்க மட்டும் விடுகிறார்கள்.

சாப்பாடு விஷயத்தில் நமது ஆட்களை மாற்றுவது கஷ்டம், நானும் மாசிச் சம்பல் இல்லாமல் இருக்க முடியாத ஆள்தான். கடையில் மூடி அடைத்த முறுக்கு, மிக்சர், பிஸ்கட் பெரும்பாலான கப்பல்களில் பிரச்சினை இல்லை. வீட்டில் சமைத்த சாப்பாடும் திறந்த போத்தலும் வாசலில் நின்றுவிடும். குழந்தைகளின் பால்மாவுக்குத் தடை இல்லை. நான்கு இரவுக்கு நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் சோறும் கறியும் சைவமும் கிடைக்கும். அப்புறம் சிங்கப்பூருக்குள் சூயிங் கம்மும் மின்சிகரெட்டும் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு வரியில்லாச் சலுகை ஒன்றுகூட இல்லை. மெல்லும் புகையிலையும் தடை, ஆகவே வெற்றிலை போடுகிற பெரியவர் இருந்தால் அந்தப் பொட்டலத்தைக் கொழும்பிலேயே விட்டுவிடுங்கள்.

இனி எத்தனை பெட்டி என்ற கேள்வி. கப்பல் கம்பெனிகள் எடையில் விமானக் கம்பெனிகள் போலக் கறார் இல்லை. உங்களுக்கு எல்லை போடுவது விமான டிக்கெட்தான். டிக்கெட்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் ஒரே பெட்டியை 32 கிலோவுக்கு மேல் நிரப்ப முடியாது, தூக்குகிறவர்களின் முதுகுக்காக வந்த எல்லை அது. ஆனால் உண்மையான எல்லை அறைதான். சன்னல் இல்லாத உள்ளறை ஏறத்தாழ 15 சதுர மீற்றர். அதற்குள் கட்டில், குளியலறை, அலுமாரி எல்லாம் அடங்க வேண்டும். காலிப் பெட்டியை வைக்கும் இடம் கட்டிலின் அடி. மிக உயரமான கடினப் பெட்டி அதற்குள் போகாது, பிறகு நான்கு நாளும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஆறு பேர் இரண்டு அறையில் இருக்கிறீர்கள் என்றால் அறைக்கு இரண்டு நடுத்தரப் பெட்டி, ஆளுக்கு ஒரு கைப்பை போதும். துவாய், சவர்க்காரம் அங்கே இருக்கும். கப்பல் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. காந்தம் வைத்த சின்னக் கொழுவிகள் நாலு கொண்டுபோனால் ஈர நீச்சல் உடையையும் தொப்பியையும் மாட்டலாம். அயன் இல்லாததால் சேலை விஷயத்தில் பருத்தியைத் தவிர்த்து, மடிப்பு விழாத வகையாக எடுங்கள். காசுக்கு அயன் பண்ணிக்கொடுக்கும் சேவை பெரும்பாலான கப்பல்களில் உண்டு. குளிரூட்டி கடுமையாக இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கைப்பையிலேயே.

ஒருவருடைய உடுப்பு முழுவதையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். விமானம் ஒரு பெட்டியைத் தவறவிட்டால் அம்மாவுக்கு ஒரு உடுப்பும் இல்லாமல் போகக் கூடாது. எல்லோருடையதையும் எல்லாப் பெட்டிகளிலும் கலந்து வையுங்கள். இங்கேதான் ஒரு பெரிய வேண்டுகோள்: நள்ளிரவுக்குப் பிறகு கட்டுநாயக்கவில் ஏறி, காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அன்று மதியமே கப்பலில் ஏறும் திட்டத்தை விடுங்கள். ஒரு ஹோட்டல் இரவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் பெட்டி அடுத்த விமானத்தில்தான் வரும் என்றால் கப்பல் காத்திருக்காது. பெட்டி உங்களைத் துரத்திக்கொண்டு பினாங்குக்கு வர வேண்டும், வந்தால். ஒரு நாள் முன்பே போங்கள்.

கப்பல் கம்பெனியின் பெட்டிச் சீட்டைக் கொழும்பிலேயே மாட்டவும் வேண்டாம். அது பெரும்பாலும் நீங்களே அச்சடித்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் கடதாசி. விமான நிலையப் பட்டியில் கிழிந்துவிடும். அச்சடித்து, சின்ன ஸ்டேப்ளரோடு எடுத்துப்போய், சிங்கப்பூர் ஹோட்டலில் பழைய விமானச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு மாட்டுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் பெயர், கப்பல், அறை எண் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். எங்களுக்குச் சீட்டு இல்லாத பெட்டி வந்தால் அது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கும், உரியவர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். கறுப்புப் பெட்டி என்று சொன்னால் அங்கே நூறு கறுப்புப் பெட்டி இருக்கும். ஒரு படம் எடுத்து வையுங்கள், கைப்பிடியில் ஒரு நிறத் துணி கட்டுங்கள்.

சிங்கப்பூரில் பயணிகள் கப்பலுக்கு இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று 2012இல் திறந்த மரீனா பே முனையம், மற்றது ஹார்பர் ஃபிரண்டில். டாக்சிக்காரரிடம் கப்பல் முனையம் என்று மட்டும் சொல்லி ஏறினால் தப்பான இடத்தில் இறங்கக்கூடும். டிக்கெட்டில் உள்ள முழுப் பெயரைக் காட்டுங்கள். கொடுத்த நேரத்துக்கே போங்கள், முந்திப் போனால் பெரியவர்கள் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

ஏறியதும் பெட்டிக்காக அறையில் காத்திருக்காதீர்கள். சாப்பிடப் போங்கள், ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த பிறகு, புறப்படுவதற்கு முன் அல்லது புறப்பட்ட உடனேயே அந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்று உலக விதி இறுகியது. யாரும் அதைத் தவிர்க்க முடியாது. திரும்பி வரும்போது பெட்டி வாசலில் இருந்தால் உடனே உள்ளே இழுத்துவிடுங்கள். ஆபத்து நேரத்தில் ஆட்கள் ஓடும் வழி அந்த நடைபாதைதான்.

கடைசி இரவு இதே கதை தலைகீழாக நடக்கும். முந்திய நாளே நிறச் சீட்டுத் தருவார்கள். அதை மாட்டி இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெட்டியை வாசலில் வைக்க வேண்டும், காலையில் முனையத்தில் அந்த நிறத்துக்குரிய வரிசையில் எடுக்கலாம். இங்கேதான் ஆட்கள் எல்லா உடுப்பையும் அடுக்கி வைத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் காலை உடுப்பு, உள்ளாடை, செருப்பு, அன்றைய மருந்து, கடவுச்சீட்டு அறையிலேயே இருக்கிறதா என்று பெட்டியைப் பூட்டுமுன் பாருங்கள். கப்பலில் வாங்கும் மதுபானத்தைப் பல கம்பெனிகள் கடைசி மாலைதான் கையில் தரும். அது விமானத்தில் கைப்பையில் போகாது, ஆகவே பெரிய பெட்டியில் முன்கூட்டியே இடம் விடுங்கள். அம்மா அப்பா மெதுவாக நடப்பவர்கள் என்பதால், பெட்டியைத் தாங்களே உருட்டிக்கொண்டு முதலில் இறங்கும் வசதியை எடுக்காதீர்கள். லிஃப்டுகள் அந்த நேரம் நிரம்பி வழியும்.

திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள் என்பதால் விமானத்தில் வருமுன் குடிவரவுக்காக நிரப்பிய வருகை அட்டையை இரண்டாம் தடவையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள், இலவசமாக. கடலில் இணையம் விலை, ஆகவே புக்கெட்டிலோ பினாங்கிலோ கரையில் இருக்கும்போது முடித்துவிடுங்கள். விமானத்தை மதியத்துக்குப் பிறகு எடுங்கள். இரவு விமானம் என்றால் சாங்கியில் காசு கொடுத்துப் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது, அங்கே ஒப்படைத்துவிட்டு அப்பா அம்மாவை ஓரிடத்தில் உட்கார வைக்கலாம்.